தம்பியை இழுத்து வந்தவள்

தோங்ஷி
நவம்பர் 9, 2020

சம்பந்தியம்மா ஷென் பீஷியா அவர்களுக்கு, சாய் போங்சி எழுதுவது.

அன்றைக்கு உங்கள் தைச்சுங் வீட்டுக் கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு யாரும் ‘நான் அங்கே இல்லவே இல்லை’ என்று கையை விரிக்கக் கூடாது. நீங்கள் இருந்தீர்கள், ஊதாப் பட்டுச் சட்டையில். உங்கள் வீட்டுக்காரர் இருந்தார், கேட்காத காதை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு. உங்கள் தங்கை பீயுன் இருந்தாள். உங்கள் மகள் ஜூயின் இருந்தாள். அவளைக் கல்யாணம் கட்டிய என் மகள் பெய்ஷான் இருந்தாள், தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு. ஜூயின் பெற்ற நான்கு மாதக் குழந்தை ருய் இருந்தான். அவனுக்கு எச்சில் துடைக்கும் சடங்குக்குத்தானே எல்லோரும் கூடினோம். பெண்ணும் பெண்ணுமாகக் கல்யாணம் கட்டி இரட்டைப் பிள்ளை பெற்ற அந்த இரண்டு தாய்மார் பிள்ளைகளோடு இருந்தார்கள். ஒருத்தி பெயர் ஈச்சென், மற்றவள் வாயைத் திறக்கவில்லை, அதனால் பெயர் தெரியாது. ஏழு வயது ஹேஆன் இருந்தாள். பெய்ஷான் காப்பகத்திலிருந்து கைக்குழந்தையாக எடுத்து வளர்க்கும் பெண். என் பேத்தி. நான் இருந்தேன்.

யார் இல்லை என்பதையும் எழுத வேண்டும். பெய்ஷானோடு சேர்ந்து பிள்ளை எடுத்த தாய்மார் ஒருத்தரும் இல்லை. ஹேஆனோடு விளையாடும் பிள்ளைகள் ஒன்றும் இல்லை. ‘ஏன் கூப்பிடல?’ என்று உங்கள் மகளைக் கேட்டேன். பதில் சொல்ல வந்தது அந்த ஈச்சென். “அம்மா, பெத்தவங்க கவலை வேற, எடுத்தவங்க கவலை வேற. ஒரே மேசையில உக்காந்தா ரெண்டு பேருக்கும் சங்கடம். நாங்க குரூப்பையே தனித்தனியா பிரிச்சாச்சு” என்றாள். இவர்கள் கல்யாணத்துக்குச் சட்டம் வேண்டும் என்று ஒரே குடையின் கீழ் மழையில் நின்றவர்கள். சட்டம் வந்தது, குடை இரண்டாகிவிட்டது.

நான் அதற்காகக் கடிதம் எழுதவில்லை. விஷயத்துக்கு வருகிறேன்.

ருய் கழுத்தில் சிவப்பு நூலில் பிஸ்கட் மாலை போட்டீர்கள். ஒவ்வொருவராக வந்து ஒரு பிஸ்கட்டை உடைத்து அவன் வாயைத் துடைத்து வாழ்த்துச் சொன்னீர்கள். ஹேஆன் அந்த வாழ்த்தை என்னிடம் போனில் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தாள். “எச்சில் வத்தி ஓடணும், அடுத்த வருஷம் தம்பி கூடணும்.” வரிசையில் நின்றாள். அவள் கை நீட்டும்போதெல்லாம் உங்கள் தங்கை, “இரு கண்ணு, பெரியவங்க முடிக்கட்டும்” என்றாள். இரட்டைப் பிள்ளைகள் இரண்டும் உடைத்தன. அவை எந்தக் கணக்கில் பெரியவர்கள்? கடைசியில் நூல்தான் மிஞ்சியது.

அவள் உதடு பிதுங்கியதை நீங்கள் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு அவள் தலையில் கை வைத்தீர்கள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னீர்கள்:

“இவளை யாரும் குறைவா நினைக்காதீங்க. தம்பியை இழுத்துட்டு வந்தவளே இவதான். வந்த வேலையை நல்லபடியா முடிச்சுட்டா!”

கை தட்டினார்கள். உங்கள் வீட்டுக்காரர்கூடத் தட்டினார்.

நான் எழுந்து அவள் கையைப் பிடித்து வெளியே வந்தேன். ‘சாப்பிடாம போறீங்களே’ என்று பின்னாலேயே வந்தீர்கள். உங்கள் எண்ணெய்ச் சோறும் கோழிக்காலும் உங்களோடு இருக்கட்டும். பஸ்ஸில் அவள் என்னிடம் கேட்டது இது: “அம்மாச்சி, வேலை முடிஞ்சிருச்சுன்னா என்னை எங்க அனுப்புவாங்க?”

இதற்குப் பதிலை நீங்கள் எழுதுங்கள். டீச்சர் அல்லவா.

சாய் போங்சி

*

தைச்சுங்
நவம்பர் 14, 2020

மதிப்புக்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் வயதில் இவ்வளவு நீளமாக எழுதியிருப்பது பாராட்டத்தக்கது. ஆனால் அதன் தொனி என்னை மிகவும் வருத்தியது.

நான் சொன்ன சொல் வாழ்த்து. எடுத்து வளர்க்கும் பெண் வந்த ராசியில் வீட்டில் ஆண் குழந்தை பிறக்கும் என்பது நம் முன்னோர் நம்பிக்கை. அந்தக் குழந்தைக்கு இந்த வீட்டில் ஒரு கௌரவம் இருக்கட்டும் என்றுதான் நாலு பேர் நடுவில் அப்படிச் சொன்னேன். அதை இப்படி முறுக்கிப் பார்ப்பது நியாயமா?

பிஸ்கட் விஷயத்தில் என் தங்கை கவனக்குறைவாக நடந்துகொண்டாள். அவளைக் கண்டித்துவிட்டேன். விருந்தினர் பட்டியல் ஜூயினும் பெய்ஷானும் தயாரித்தது; அதில் நான் தலையிடவில்லை. இந்தக் காலத்துப் பெண்கள் இரண்டு பேராகக் கல்யாணம் செய்துகொள்வதையே நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். அவர்களுக்குள் யார் பெற்றவர், யார் எடுத்தவர் என்ற பிரிவெல்லாம் எனக்குத் தெரியாது.

முக்கியமான செய்தி. ஹேஆன் இப்போது உங்களிடம் இருக்கிறாள். முதல் வகுப்புப் பிள்ளை ஒரு வாரமாகப் பள்ளிக்குப் போகவில்லை. நான் பணியில் இருந்திருந்தால் இதற்கு நடவடிக்கையே எடுத்திருப்பேன். மேலும், சட்டப்படி ருய்க்குப் பெய்ஷான் இன்னும் அம்மா இல்லை. ஜூயினின் துணைவி என்ற முறையில் அவள் அவனைத் தத்தெடுக்க மனுக் கொடுத்திருக்கிறாள். விசாரிக்க ஒரு அம்மையார் இந்த மாதக் கடைசியில் வீட்டுக்கு வருகிறார். மூத்த குழந்தை வீட்டில் இல்லை என்றால் அவர் என்ன எழுதுவார்? தங்கள் மகளின் நன்மைக்காகவாவது குழந்தையை உடனே அனுப்பிவையுங்கள்.

தங்கள் கடிதத்தில் சில எழுத்துப் பிழைகள் இருந்தன. திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். தவறாக எண்ண வேண்டாம், பழக்கதோஷம்.

அன்புடன்,
ஷென் பீஷியா

*

தோங்ஷி
நவம்பர் 17, 2020

சம்பந்தியம்மா,

உறையைப் பிரித்ததும் சிவப்புதான் தெரிந்தது. என் கடிதம் முழுக்கச் சிவப்பு மை. பக்கத்து வீட்டு ஆஹுவா சிப்பி உடைத்துக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்துவிட்டு, “ஐயோ அக்கா, சம்பந்தி உறவை அத்துவிட்டுட்டாங்களா?” என்று கத்தியைப் போட்டுவிட்டாள். ஒருத்தருக்குச் சிவப்பு மையில் எழுதினால் இன்றோடு நீ யாரோ நான் யாரோ என்று அர்த்தம். படிக்காத ஆஹுவாவுக்குத் தெரிகிறது. அறுப்பதென்றால் நேராக அறுங்கள். என் ‘பிஸ்கட்’டில் புள்ளி வைத்து அறுக்காதீர்கள்.

என் எழுத்து ஏன் கோணலாக இருக்கிறது என்று சொல்கிறேன். கேட்டுக்கொள்ளுங்கள்.

என்னைப் பெற்றவர்களுக்கு நான் நான்காவது பெண். போங்சி என்று பெயர் வைத்தார்கள். அர்த்தம் உங்களுக்குத் தெரியும்: எப்படியோ வளர்ந்து தொலையட்டும். நான் நடக்கப் பழகியதும் பக்கத்து ஊரில் பிள்ளையில்லாத ஒரு வீட்டுக்குக் கொடுத்தார்கள். அங்கே எனக்கு வேறு பெயர். தம்பியிழு. வாசலில் நின்று “தம்பியிழு, சாப்பிட வா” என்று கூப்பிடுவார்கள். ஊரே சிரிக்கும், நானும் சிரிப்பேன். நல்ல பெயர் என்று நினைத்தேன். எனக்கு முட்டை கொடுத்தார்கள். அந்த அம்மா மடியில் உட்காரவைத்து என் தலையில் கை வைத்து, “இழுத்துட்டு வந்துருவா” என்பாள். நீங்கள் வைத்தது போலவேதான் வைப்பாள். ஐந்து விரலும் விரிந்து.

தம்பி வந்தான். முட்டை அவனுக்குப் போனது. பாயில் இருந்த என் இடம் அடுப்படிக்குப் போனது. இரண்டாம் வகுப்பில் என் பெயரை வெட்டினார்கள், அவனை முதுகில் கட்டிச் சுமக்க ஆள் வேண்டும் என்று. அவன் என் முதுகில்தான் பேசப் பழகினான். முதலில் பேசிய வார்த்தை என்ன தெரியுமா? “ஏய்.” என்னைத்தான் கூப்பிட்டான்.

அங்கே யாரும் என்னை அடிக்கவில்லை. பட்டினி போடவில்லை. வேலை முடிந்துவிட்டது, அவ்வளவுதான். வேலை முடிந்தவளை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

ராசி என்று எழுதியிருக்கிறீர்கள். ராசிக்காரி யார் என்று ஒருநாளும் யாரும் கேட்க மாட்டார்கள், சம்பந்தியம்மா. என்ன கொண்டுவந்தாள் என்றுதான் கேட்பார்கள்.

ஹேஆனை அனுப்பமாட்டேன். விசாரணைக்கார அம்மாள் வருகிறாள் என்று அவளைக் கேட்கிறீர்கள். ‘அவள் இல்லாமல் வீடு வீடாக இல்லை’ என்று ஒரு வரி உண்டா உங்கள் கடிதத்தில்? தம்பியை வீட்டில் நிறுத்த மறுபடியும் அக்கா வேண்டும். ஒருதரம் இழுத்தாள், போதாதா?

உங்கள் சட்டத்தையும் ஆஹுவாவின் மகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஜூயின் பெற்ற பிள்ளையைப் பெய்ஷான் தத்தெடுக்கலாம். பெய்ஷான் எடுத்த பிள்ளையை ஜூயின் தத்தெடுக்க முடியாது. ஆகத் தம்பிக்குத் தாளில் இரண்டு அம்மா வரப்போகிறார்கள். அக்காவுக்கு ஒன்றுதான். அவளுக்கு மனுப் போட வழி இல்லை என்பது சரி. வழி இல்லையே என்று உங்கள் வீட்டில் யாராவது ஒருவர் சோறு இறங்காமல் இருந்தீர்களா?

அவள் இங்கே பக்கத்துப் பள்ளியில் உட்காருகிறாள். தலைமை ஆசிரியை நல்ல பெண். சிவப்பு மை வைத்திருக்கவில்லை.

சாய் போங்சி

*

தைச்சுங்
நவம்பர் 21, 2020

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

இது நான்காவது தாள். மூன்றைக் கிழித்துவிட்டேன்.

மை விஷயத்தில் நான் வெட்கப்படுகிறேன். அது உறவறுக்கும் மை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஒரு தாளில் பிழையைக் கண்டதும் கை தானாகச் சிவப்புப் பேனாவுக்குப் போய்விட்டது. அனுப்பிய பிறகும் எனக்கு உறைக்கவில்லை. என் வீட்டுக்காரர் நல்ல காதால் கேட்டுவிட்டு, “அறிவிருக்கா உனக்கு?” என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிக் கேட்டதில்லை.

உங்கள் சிறுவயதுக் கதையைப் படித்தேன். அதைப் பற்றி எழுத எனக்குச் சொல் வரவில்லை. வராததை வந்ததாகப் பாசாங்கு செய்யவும் விருப்பமில்லை.

ஆனால் ஒன்று. எல்லாப் பழியையும் என் தலையில் கொட்டுகிறீர்கள். அந்தச் சொல் என்னுடையது இல்லை.

இவர்கள் கல்யாணத்தின்போது ஹேஆனை என் வீட்டுக்குள் ஏற்க நான் தயங்கினேன். ஒளிக்கவில்லை. யார் ரத்தம், என்ன பிறப்பு என்று தெரியாத குழந்தை. என் மகளுக்கு இந்தப் பாரம் எதற்கு என்று கேட்டேன். அப்போது பெய்ஷான் தனியாக என்னைப் பார்க்க வந்தாள். முட்டிபோட்டு உட்கார்ந்து எனக்குத் தேநீர் ஊற்றிக்கொடுத்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “அத்தை, இவளை வேண்டாம்னு சொல்லாதீங்க. எடுத்த பொண்ணு தம்பியை இழுத்துட்டு வருவா. பொய்யில்ல, எங்கம்மாவே அப்படி வந்தவங்கதான். வந்த மறுவருஷமே தம்பி பொறந்தான். எங்கம்மாவே அதுக்குச் சாட்சி.”

நான் நம்பினேன். ருய் பிறந்ததும் இன்னும் நம்பினேன். அன்று எல்லோர் முன்னிலும் சொன்னபோது பெய்ஷானைப் பார்த்துத்தான் சொன்னேன். அவள் தலையாட்டினாள். உங்கள் கண்ணில் அது படவில்லையா?

என்னைத் திட்டுவதற்கு முன் உங்கள் மகளைக் கேளுங்கள்.

ஜூயின் சாப்பிடாமல் இருக்கிறாள். “தாள்ல இல்லன்னா நான் அவளுக்கு அம்மா இல்லையா, யாராவது சொல்லுங்க” என்கிறாள். அந்த ஈச்சென் வீட்டுக்கு வந்தபோது கதவைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் தோங்ஷிக்கு வரட்டுமா? விசாரணைக்காக அல்ல. அதை அவர்கள் தள்ளிப் போட்டுக்கொள்ளட்டும்.

ஷென் பீஷியா

*

தோங்ஷி
நவம்பர் 24, 2020

சம்பந்தியம்மா,

போனில் பெய்ஷானைக் கேட்டேன். நீங்கள் எழுதியது உண்மை.

வாருங்கள். அவளையும் கூட்டி வாருங்கள்.

போங்சி

*

தோங்ஷி
டிசம்பர் 2, 2020

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

பஸ்ஸில் உங்களுக்குக் குமட்டியது என்று ஹேஆன் போனில் சொன்னாள். இஞ்சி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை முன் இருக்கையில் உட்காருங்கள்.

நீங்கள் வந்த அன்று நான் உங்களிடம் நல்லபடியாகப் பேசவில்லை. சிப்பிக் கஞ்சியை முன்னால் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எழுத்தில்தான் எனக்கு வருகிறது. நேரில் கஞ்சி வைக்கத்தான் வருகிறது.

ஹேஆன் உங்களைக் கேட்டாளே, வாசலில் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வகுப்பில் நிற்கிற மாதிரி: “டீச்சர் பாட்டி, தம்பி வந்தாச்சு. இனிமே எனக்கு என்ன வேலை?”

நீங்கள் ஏதாவது நீதி சொல்லுவீர்கள் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஈரத் தரையென்றும் பாராமல் உட்கார்ந்துவிட்டீர்கள். அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்து சொன்னீர்கள்:

“வேலையா? ஒண்ணுமில்ல. சும்மா இரு. சோம்பேறியா இரு. வீட்டுப்பாடம் எழுதாம என்கிட்ட திட்டு வாங்கு. என் வீட்ல சும்மா இருந்து சாப்பிடுற உரிமை பேத்திக்கு மட்டும்தான்.”

அவள் யோசித்துவிட்டு, “கோவிச்சுக்கிட்டு இங்க வந்துரலாமா?” என்றாள்.

“வரலாம். ஆனா நான் வந்து கூட்டிட்டுப் போவேன். எனக்கு வாந்தி வரும். பரவாயில்லையா?”

அதற்குத்தான் அவள் சிரித்தாள். உங்கள் ஊருக்குப் போன நாளிலிருந்து வராத சிரிப்பு. உங்கள் பாவாடை முழுக்கச் சிப்பித் தண்ணி. அது போகாது, சொல்லிவிடுகிறேன். எலுமிச்சை போட்டாலும் போகாது.

அதன்பிறகு நீங்கள் அவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு முன்னால் நடந்தீர்கள். பெய்ஷான் என்னோடு நின்றாள். அப்போது பேசியது உங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டும்.

“அம்மா, நீங்க என்னைப் பாக்கவே மாட்டேங்கறீங்க” என்றாள்.

“எதுக்குப் பாக்கணும்?”

“வேற எப்படிம்மா அவளை உள்ள கூட்டிட்டுப் போறது? அவங்க கதவையே திறக்கல. எதையாவது சொல்லித்தான் ஆகணும். என் கையில வேற என்ன இருந்துச்சு?”

“என் கதை இருந்துச்சு. அதை எடுத்துக் குடுத்துட்ட.”

“அது நல்லதுக்குத்தானே பயன்பட்டுச்சு?”

பெய்ஷானுக்கு அந்தக் கதையை நான் சொன்னது சாதாரணமாக அல்ல. காப்பகத்திலிருந்து ஹேஆனைக் கொண்டுவந்த அன்று, பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு, “அம்மா, இவளை எப்படி வளக்கணும்?” என்று கேட்டாள். அதற்கு முன் யாருக்கும் சொல்லாததைச் சொன்னேன். அவள் அப்பாவுக்குக்கூட முழுசாகச் சொன்னதில்லை. முட்டை, அடுப்படி, முதுகு, எல்லாம் சொன்னேன். இந்தக் குழந்தைக்கு இது நடக்கக் கூடாது என்று சொன்னேன். அவள் அழுதாள். கடலம்மன் மேல் சத்தியம் செய்தாள்.

அதிலிருந்து முட்டையை மட்டும் எடுத்துக்கொண்டாள். அடுப்படியை விட்டுவிட்டாள். உங்களுக்குத் தேநீர் ஊற்றும்போது, வாங்க ஆள் வந்ததும் பழத்தின் நல்ல பக்கத்தைத் திருப்பி வைக்கிற கடைக்காரி மாதிரி, எங்கள் இரண்டு பேரையும் திருப்பி வைத்தாள். என்னையும் என் பேத்தியையும்.

“கதவு திறக்கலைன்னா என்னடி? வெளியவே நின்னிருக்கணும். அவ கையைப் புடிச்சுக்கிட்டு வெளிய நின்னிருக்கணும்” என்றேன்.

“எத்தனை நாளைக்கும்மா? எனக்கும் பயம். ருய்க்கு நான் யாருமே இல்ல, தெரியுமா? ஜூயினுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவனைத் தொடக்கூட எனக்கு உரிமை இல்ல. பெத்தவங்க என்னைச் சேத்துக்கல, எடுத்தவங்க முகத்துல முழிக்க என்னாலேயே முடியல. நான் எந்த மேசையில உக்காரணும்?”

அவள் சொன்னது பொய்யில்லை. பயந்துதான் இருந்தாள். உங்கள் வீட்டு விருந்தில் தேநீர்க் கோப்பைகளை அவள் அடுக்கிய அடுக்கிலேயே எனக்குத் தெரிந்தது. வேலைக்காரிகள்தான் அப்படி ஓசை வராமல் அடுக்குவார்கள். பயம் எனக்குப் புரியும். புரிந்துகொள்வது வேறு, விடுவது வேறு.

“ருய்யோட அக்காகூட உக்காரு” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பஸ் வந்துவிட்டது. அவள் ஓடினாள்.

நீங்கள் உள்ளே இடம் பிடித்து ஹேஆனை ஜன்னல் பக்கம் உட்காரவைத்திருந்தீர்கள். அவள் எனக்குக் கை ஆட்டினாள். நான் அவளுக்கு மட்டும் ஆட்டினேன்.

சம்பந்தியம்மா, என்னிடம் மறதி கிடையாது. யார் எந்தச் சட்டை போட்டுக்கொண்டு என்ன சொன்னார்கள் என்பது சாகும்வரை இருக்கும். ஆனாலும் எப்படியோ வளர்ந்து தொலை என்று எனக்குப் பெயர் வைத்த அம்மாவை ஒருநாள் விட்டுவிட்டேன். ஆண் பிள்ளை எங்கே என்று கேட்க அவளுக்கும் மாமியார் இருந்தாள். என்னைத் தம்பியிழு என்று கூப்பிட்டவளுக்குக் கடைசியில் நான்தான் வாயில் கஞ்சி ஊற்றினேன். என் முதுகில் வளர்ந்தவன் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. அவன் தலையெழுத்து, விட்டேன். உங்கள் தங்கையை விட்டேன். அந்த ஈச்சென் சின்னப் பெண், ஒருநாள் அவளுக்கே தெரியும். ஜூயின் எனக்குப் போன் செய்து, “அம்மா, நான் அவளுக்கு அம்மாதானே?” என்று கேட்டு அழுதாள், ‘அழுதுகிட்டே சோறு ஊட்டு, அம்மாதான்’ என்றேன். நீங்கள் ஈரத் தரையில் உட்கார்ந்த அன்றே உங்களை விட்டுவிட்டேன். உங்கள் மை காய்ந்துவிட்டது.

செய்தபோது இவர்கள் யாருக்கும் என் கதை முழுசாகத் தெரியாது. தெரியாமல் செய்தார்கள். தெரிந்தவள் ஒருத்திதான்.

புது வருஷத்துக்கு ஹேஆனைக் கூட்டிக்கொண்டு நீங்கள் வாருங்கள். ஜூயின் வரட்டும், ருய் வரட்டும். உங்கள் வீட்டுக்காரரும் வரட்டும், நல்ல காதோடு. அவளும் வருவாள்; வாசலைச் சாத்த மாட்டேன், கிண்ணம் போடுவேன், மீன் தலையைக்கூட அவளுக்கே வைப்பேன். அதை வைத்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நீங்கள் யாரும் நினைத்துவிடக் கூடாது. அதற்காகத்தான் எழுதிவைக்கிறேன். பிழையிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், இந்தப் பெயரை மட்டும் தொடாதீர்கள். நான் மன்னிக்காதவள் ஹுவாங் பெய்ஷான். நான் பெற்றவள்.

சாய் போங்சி